எஸ்.எஸ். எண்பது, இடது பின்விளக்கு

துண்டை எடுக்க வேண்டாமுங்க, இருக்கட்டும். உங்க ஆளு வந்தா நான் எந்திரிச்சுக்கறேன். வரலீங்களா? கோயமுத்தூர்லயே வண்டியை விட்டுட்டாரா? அப்பச் சரி, உக்காந்துக்கறேன். நெம்ப நன்றிங்க. அவினாசியில ஏறினா இந்த ஈரோட்டு வண்டியில எடமே கெடைக்கறதில்ல. நின்னுட்டுப் போறதுல எனக்கொண்ணும் இல்ல. கையில இது இருக்குது பாருங்க, இதை வெச்சுட்டு நிக்க முடியாது.

இல்லீங்க, மேல வைக்க மாட்டேன். கண்டக்டரும் சொல்லிட்டுத்தான் போறாரு. ஒரு பிரேக் போட்டா உருண்டு போயிரும். மடியிலயே இருக்கட்டும். விளக்குங்க இது. காரோட பின்விளக்கு, இடது பக்கத்து. இதைச் சுத்தியிருக்கற துண்டை இப்படி வெலக்கிப் பாருங்க. கையை வைக்காம பாருங்க. கண்ணாடியில ஒரு கீறல் இருக்குதா? நாப்பது வருசத்துக்கு முந்தி ஜப்பான்ல இருந்து வந்தது.

எந்தக் காருதுன்னா, மாருதி எண்ணூறுன்னு சொன்னா உங்களுக்குப் புரிஞ்சுரும். ஆனா நாங்க அப்படிச் சொல்றதில்லீங்க. மாருதி எண்ணூறு முப்பது வருசம் ஓடுச்சு, அதுல எந்த எண்ணூறு? மொதல்ல வந்துச்சே, எண்பத்தி மூணு கடைசியில இருந்து எண்பத்தாறு வரைக்கும், தகரப் பெட்டி மாதிரி மூலை மூலையா இருக்கும், அது எஸ்.எஸ். எண்பது. அப்பறம் மூலையெல்லாம் வழிச்சு விட்டு ஒண்ணு வந்து ஊரெல்லாம் ஓடுச்சு பாருங்க, அது எஸ்.பி. முன்னூத்தியெட்டு. வெளிய ரெண்டுக்கும் ஒரே பேரு. உள்ள வேற வேற. பானெட்டைத் தூக்கினா தகட்டுல அடிச்சிருக்கும். அதுதான் சேஸிஸ் கோடு. கம்பெனிக்காரன் அவனுக்குள்ள பேசிக்கறதுக்கு வெச்ச பேரு. அதை நாங்க எடுத்துக்கிட்டோம்.

நம்ம பக்கத்துல புதுசா ஒருத்தரைப் பாத்தா பேரு மட்டும் கேட்டுட்டு விட்டுருவமா? எந்த ஊரு, எந்தக் கூட்டம், யாரு வகையறா, அத்தனையும் கேட்டாத்தானே ஆளு புரியும். இதுவும் அப்படித்தான். பென்ஸ் வெச்சிருக்கறவன் டபிள்யூ நூத்தி இருபத்தி மூணும்பான். ஜிப்ஸிக்காரன் எம்.ஜி. நானூத்திப் பத்தும்பான். கேக்கறவனுக்குப் புரிஞ்சா அவன் நம்ம ஆளு. புரியலீன்னா வெளியாளு, அவன்கிட்ட வண்டியைப் பத்திப் பேசி ஆகப் போறது ஒண்ணுமில்ல. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைச் சொல்லல.

எஸ்.எஸ். எண்பது வெச்சிருக்கறவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து சேலம் வரைக்கும். அதுல மாருதின்னு எழுதினா அவன் அடுத்த கூட்டத்துல எல்லாருக்கும் டீ வாங்கித் தரோணும், அது சட்டம். ஆளுங்க பேரையும் நாங்க எழுதறதில்ல. வண்டிதான் பேரு. போன்லயும் அப்படித்தான் பதிஞ்சு வெச்சிருக்கறது. எஸ்.எஸ். எண்பது பச்சை அவினாசி, அது நானு. எஸ்.எஸ். எண்பது நீலம் கோபி, அவன் ஒருத்தன், சண்டைக்காரன். எஸ்.எஸ். எண்பது வெள்ளை பெருந்துறை, அது ஜெகா.

ஜெகான்னா ஜெகதீசன். பெருந்துறையில பாத்திரக் கடை வெச்சிருக்கறான். எனக்கு அவினாசியில மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. இருவது வருசத்துக்கு முந்தி ஒரு பழைய வண்டியைப் பாக்கறதுக்கு ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே காட்டுக்குள்ள போய் நின்னோம். வண்டி வேப்பமரத்தடியில கோழி அடைஞ்சு கெடக்குது. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவன் கதவு இடுக்கைப் பாத்துட்டு, எண்பத்தி நாலு, மொத வருசத்து எஸ்.எஸ். எண்பதுன்னான். நான் எண்பத்தஞ்சுன்னேன். வைப்பரைக் காட்டிச் சண்டை போட்டோம். வண்டிக்குச் சொந்தக்காரர் வெளிய வந்து, ஏனுங்க, வாங்கறீங்களா, இல்ல போறீங்களான்னாரு. அன்னிக்கு ஆரம்பிச்ச பழக்கம். என்ற மகள் கல்யாணத்துல பந்தி விசாரிச்சது அவன். என்ற அப்பா போனப்ப அக்கட்ட ஒரு தோளு நான், இக்கட்ட ஒரு தோளு அவன். கூடப் பொறந்தவன்னு எனக்கு யாரும் இல்லீங்க.

அந்த வண்டியை அவன்தான் வாங்கினான். எண்பத்தி நாலேதான், அவன் சொன்னது சரி.

இப்ப விளக்குக்கு வர்றேன். இந்த வண்டிக்குச் சாமான் கெடைக்காதுங்க. கடையில கேட்டாச் சிரிப்பான். எங்கியாச்சும் ஒரு எஸ்.எஸ். எண்பது அடிபட்டோ மக்கியோ கெடந்தா அதுல இருந்து கழட்டினாத்தான் உண்டு. அதனால ரோட்டுல போறவன் யாரு பாத்தாலும் போட்டோ எடுத்துக் குரூப்புல போடோணும். போட்டதும் யாரு எந்தச் சாமானுக்கு மொதல்ல எழுதறானோ அது அவனுக்கு. இதுக்குத் துண்டு போடறதுன்னு பேரு. நீங்க சன்னல் வழியா இந்தத் துண்டைப் போட்டு எடம் புடிச்சீங்களே, அதேதான். கிரில் துண்டு, கைப்பிடி துண்டுன்னு எழுதினாப் போதும். அப்பறம் அதை வேறொருத்தன் கேக்கக் கூடாது. போட்டோ போட்டவன் போய் வண்டிக்காரன்கிட்டப் பேசி வாங்கிப் பிரிச்சு அனுப்போணும். இதுவரைக்கும் இந்தச் சட்டத்தை ஒருத்தரும் மீறினதில்ல.

எனக்கு இடது பின்விளக்கு இல்ல. எங்க வாசல்ல தென்னைமரம், தேங்கா விழுந்து போச்சு. யாரோ அச்சுல ஊத்தின பிளாஸ்டிக்கை வாங்கி மாட்டிட்டு அஞ்சாறு வருசமா ஓட்டறேன். பொழுது விழுந்து பிரேக் போட்டா ஒரு பக்கம் நல்ல சிவப்பு, ஒரு பக்கம் ரோஸ் கலரு. பின்னாடி வர்றவனுக்கு என்ன தெரியப் போகுது, ஆனா எனக்குத் தெரியுமில்ல. ஜெகாவுக்கும் தெரியும். கூட்டத்துக்குப் போனா என்ற வண்டியைச் செவுத்தோரமா நிறுத்தச் சொல்லுவான், இடது பக்கம் யாரு கண்ணுக்கும் படாம. அவனே தேடிட்டிருந்தான் எனக்காக.

அன்னிக்குக் காலையில அவன் கூப்புட்டான். ஊட்டுல இருக்கறயா, எங்கியும் போயராதன்னான். எதுக்குன்னேன். இருன்னா இருன்னான். சிரிச்சுட்டே வெச்சுட்டான். நான் கடையைத் தொறக்காம ஊட்டுலயே உக்காந்திருந்தேன். என்ற ஊட்டுக்காரி அம்சவேணி இட்லிக்குச் சட்னி அரைச்சுட்டிருந்தா, அந்தச் சத்தத்துல போன் மணி எனக்குச் சரியாக் கேக்கல. எடுத்துப் பாத்தா ஜெகா குரூப்புல ஒரு போட்டோ போட்டிருக்கறான்.

எஸ்.எஸ். எண்பது. சிவப்பு. பைபாஸ்ல லாரி மேல போய் முட்டிட்டு நிக்குது. பின்னாடி இருந்து எடுத்த போட்டோ. எழுத்து ஒண்ணும் இல்ல, போட்டோ மட்டும்.

நான் பாத்த ஒடனே சொல்லிட்டேனுங்க, எண்பத்தி நாலு. டிக்கி கைப்பிடியைப் பாத்துச் சொன்னேன். பம்பர் ஓரத்து ரப்பரைப் பாத்தேன், அசலு. அப்பறம் இந்த விளக்கைப் பாத்தேன். முழுசா இருக்குது. இடது பக்கம். எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு. ஜெகா நமக்காகத்தான் போட்டிருக்கறான், இதுக்குத்தான் ஊட்டுல இருன்னு சொன்னான்னு நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான நெனப்பீங்க? போட்டோ போட்டவன் வண்டியைக் கண்டவன். அதுதான எங்க வழக்கம்? எங்கியோ போற வழியில பாத்திருக்கறான், போட்டிருக்கறான்.

ஒடனே எழுதினேன். எஸ்.எஸ். எண்பது சிவப்பு, இடது பின்விளக்கு, துண்டு. மொத ஆளு நானுதான்.

அதுக்குள்ள அந்த நீலம் கோபி வந்துட்டான். ரெண்டு பின்விளக்கும் எனக்குத் துண்டுங்கறான். எனக்கு எப்படி இருக்கும்? நான் எழுதி அது அங்க நிக்குது, கண்ணு இருக்கறவன் பாக்கலாம். வலதை எடுத்துக்க, இடதைத் தொடாதன்னு எழுதினேன். சேத்து வாங்கினாத்தான் ஜோடிங்கறான். அப்பறம் ஒருத்தன் கிரில்லுங்கறான். ஒருத்தன் கதவுக் கைப்பிடிங்கறான். கிரில்லு எங்க இருக்குது, முன்னாடி எல்லாம் அப்பளமாப் போச்சேன்னு ஒருத்தன். அப்ப நான் ஒண்ணு எழுதினேன். நல்ல வேளை, அடி முன்னாடிதான், பின்னாடி ஒண்ணும் ஆகலன்னு.

விளக்கைச் சொன்னேனுங்க. விளக்கு தப்பிச்சுதேன்னு சொன்னேன்.

நடுவுல ஜெகா போன் பண்றான். டைப் பண்ணிட்டிருக்கும்போது போன் வந்தா எழுதறது மறைஞ்சு போயிருமில்ல. கோபிக்காரனுக்குப் பதில் பாதியில நிக்குது. துண்டு போட்டுட்டேன், பாத்துக்கறேன், அப்பறம் பேசலாம்னு மனசுல நெனச்சுட்டுக் கட் பண்ணினேன். மறுபடியும் அடிச்சான். கட் பண்ணினேன். மூணாந்தடவையும் அடிச்சான். அம்சவேணிகூட உள்ள இருந்து, யாருன்னு எடுத்துத்தான் பாருங்களேன்னா. ஜெகாதான், விளக்கு விசயம்னேன்.

இதா வந்துருச்சு பாருங்க செங்கப்பள்ளி. அந்த வண்டி முட்டிட்டு நின்னது இந்தப் பாலத்துக்கு அக்கட்டதான். சித்த இருங்க, இதை மூடிக்கறேன். இந்த எடம் வந்தா மட்டும் துண்டைப் போட்டு மூடிருவேன். எங்க ஊட்டுல இருந்து இங்க வர்றதுக்கு எவ்வளவு நேரமாச்சு? இவ்வளவுதான். நம்ம பேசிட்டு வந்த நேரந்தான்.

அப்பறம் ஜெகா போன்ல இருந்து குரூப்புக்கு ஒண்ணு வந்துச்சுங்க. இது எங்க வண்டிங்க. நேத்துதான் பெயிண்ட் அடிச்சு வந்துச்சு. அவரை வெளிய எடுக்க முடியல. யாராச்சும் வாங்க.

வத்சலா எழுதினது. ஜெகா ஊட்டுக்காரி. போட்டோ போட்டதும் அவதான், மூணு தடவ போன் அடிச்சதும் அவதான்.

அவளுக்கு நெத்தியில கண்ணாடிச் சில்லு கிழிச்சதோட சரி. அவன் காலு உள்ள மாட்டிக்கிச்சு. அவ போனு ஊட்டுல இருந்ததால அவன் போனை எடுத்து எனக்குப் பேசலாம்னு தங்கவேலு தங்கவேலுன்னு தேடியிருக்கறா. என்ற பேரே இல்ல. அவ பேரைத் தவுத்து ஒரு மனுசன் பேரும் அதுல இல்ல. எல்லாம் எஸ்.எஸ். எண்பது, எஸ்.எஸ். எண்பது. ஊரு கடைசியில வர்றதால திரையில தெரியாது, இதுல யாரு பச்சை, யாரு நீலம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? சரி, இந்தக் குரூப்புல போட்டா யாராச்சும் பாத்து ஓடி வருவாங்கன்னு போட்டோ எடுத்துப் போட்டிருக்கறா. வண்டியைப் பாத்தாலே போதும்னு ஒண்ணும் எழுதல. காத்துட்டு நின்னிருக்கறா. கிரில் துண்டு, கைப்பிடி துண்டுன்னு வந்திருக்குது. அப்பறம் கடைசியா அவன் யாருக்குப் பேசியிருக்கறான்னு பாத்து அந்த நெம்பருக்கு அடிச்சிருக்கறா. அது நானு.

வண்டி சிவப்பா இருந்துச்சுங்க. அதைத்தான் நான் எல்லாருகிட்டயும் சொல்றேன். அவன் வண்டி வெள்ளை. இருவது வருசமா வெள்ளை. மனுசனுக்கு எப்படித் தெரியும்? கதவுக்குள்ள சொரண்டிப் பாத்து அது கம்பெனியில இருந்து வந்தப்ப சிவப்புன்னு கண்டுபிடிச்சு, ஒருத்தருக்கும் சொல்லாம திருப்பூர்ல குடுத்து அடிச்சிருக்கறான், நெம்பர் பிளேட்டைக்கூட இன்னும் மாட்டல. தங்கவேலு வாயைப் பொளந்துட்டு நிக்கோணும்னு வத்சலாகிட்டச் சொல்லிட்டு வந்தானாம். எனக்குக் காட்டறதுக்குத்தான் வந்துட்டிருந்திருக்கறான்.

டிக்கி கைப்பிடி தெரிஞ்சுது எனக்கு. வருசம் தெரிஞ்சுது. ரப்பர் அசலுன்னு தெரிஞ்சுது. கலரை மாத்திட்டான், அதுக்கு நான் என்னங்க பண்றது?

நான் வந்து சேந்தப்ப நூத்தியெட்டு வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. வண்டி மட்டும் நின்னுட்டிருந்துச்சு. போலீஸ்காரர் ஒருத்தர், நீங்க யாருங்கன்னாரு. எஸ்.எஸ். எண்பதுன்னு சொல்ல வாயெடுத்துட்டேன், அப்பறம் சிநேகிதன்னேன். உள்ள எட்டிப் பாத்தேன். ஸ்டியரிங்குல அவன் சுத்தி வெச்சிருந்த பச்சை நூலு அப்படியே இருக்குது, நான் பழனியில இருந்து வாங்கியாந்து குடுத்த கயிறு. அதைப் பாத்ததும் ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். அங்க உக்காந்தா இந்த விளக்கு நேரா என்ற மூஞ்சிக்கு முன்னாடி இருக்குது.

குரூப்பை எடுத்துப் பாத்தேன். எல்லாரும் அழிச்சுட்டிருக்கறாங்க. இந்தச் செய்தி நீக்கப்பட்டது, இந்தச் செய்தி நீக்கப்பட்டதுன்னு வரிசையா. நானும் அழிச்சேன். என்ன பிரயோசனம்? அவ படிச்சுட்டா.

ஆஸ்பத்திரியில வத்சலா நெத்தியில கட்டோட உக்காந்திருந்தா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, வாங்கண்ணான்னா. எப்பவும் வாங்கண்ணாதான். நான் என்னென்னமோ சொன்னேன், வெள்ளைன்னு நெனச்சேன், சிவப்புன்னு நெனச்சேன். அவ கேட்டுட்டே இருந்துட்டு, நல்ல வேளைன்னு எழுதியிருந்தீங்களேண்ணான்னா. சத்தம் போட்டுக் கேக்கல. தெரிஞ்சுக்கறதுக்குக் கேட்ட மாதிரிதான் கேட்டா. விளக்கைச் சொன்னேம்மான்னேன். சரிங்கண்ணான்னுட்டா.

அவனுக்கு வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இன்னும் கொஞ்சம் முன்ன கொண்டாந்திருந்தா வெச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்றாங்க. டாக்டருங்க எப்பவும் அப்படித்தான சொல்லுவாங்க. நான் வந்திருந்தா மட்டும் கையில எடுத்துட்டு ஓடியிருப்பனா? கதவை வெட்டித்தான எடுத்தாங்க? கதவை வெட்ற மெசின் என்கிட்ட இருக்குதா? அம்சவேணிகிட்ட இதைச் சொன்னேன். அவ, மெசினுக்கா கூப்புட்டாங்கன்னு கேட்டா.

அவ இப்ப என்கிட்ட அளந்துதான் பேசறா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில வத்சலாவோட அண்ணனுக்குத் தகவல் சொல்லோணும், என்ற போன்ல அவரு நெம்பர் இருக்குதான்னு வாங்கித் தேடினா. மேல இருந்து கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, இதுல மனுசங்களே இல்லீங்களான்னா. அவளுக்கு நான் எப்படி வெளங்க வைக்கறது? கோடுல எல்லாமே இருக்குதுன்னேன், வண்டி, கலரு, ஊரு. போனை என்ற கையில குடுத்துட்டு அக்கட்டப் போய் உக்காந்துக்கிட்டா.

சரி, அதெல்லாம் போகட்டும். எனக்கு மனக்குறை என்னன்னா, அதுக்கப்பறம் அவன் பண்ணினதுதான். ஊட்டுக்கு வந்து கட்டில்ல படுத்தானோ இல்லையோ, மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கறான். அந்த வண்டியைக் கழட்டச் சொல்லி, யாரு யாரு எதுக்குத் துண்டு போட்டாங்களோ அதை அதை அவங்கவங்களுக்கு அனுப்பிட்டான். அழிச்சாலும் அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது, வத்சலா சொல்லியிருப்பா. கிரில்லு நசுங்கினது நசுங்கினபடியே ஈரோட்டுக்குப் போச்சு. கைப்பிடி சங்ககிரிக்குப் போச்சு. கோபிக்காரனுக்கு வலது விளக்கு. குரூப்புல ஒருத்தனும் ஒரு வார்த்தை எழுதல. இப்ப அந்தக் குரூப்பைத் தொறந்தா சுடுகாடு மாதிரி இருக்குது.

எனக்கும் வந்துச்சு. பார்சல் ஆபீஸ்ல இருந்து கூப்புட்டாங்க. போய்ப் பாத்தா அட்டைப் பெட்டி. உள்ள இந்தத் துண்டுல சுத்தி இந்த விளக்கு. இது அவன் துண்டுங்க, கடையில தோள்ல போட்டிருப்பான். மேல ஒட்டின சீட்டுல என்ன எழுதியிருந்தான் தெரியுமா? எஸ்.எஸ். எண்பது பச்சை, அவினாசி. அவ்வளவுதான். கீழ போன் நெம்பர்.

தங்கவேலுன்னு எழுதக் கூடாதுங்களா? இருவது வருசப் பழக்கம். மத்தவங்களுக்கு அனுப்பட்டும், அவங்க வண்டிப் பழக்கம். எனக்குமா? அவங்களோட வரிசையில வெச்சு எனக்கும் ஒண்ணு? என்னைய நாலு வார்த்தை திட்டியிருந்தா, செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். சட்டப்படி அனுப்பிட்டான். பார்சல் ஆபீஸ்காரப் பையன், இது யாரு பேருங்கன்னு கேட்டுச் சிரிக்கறான். எனக்கு அழுகையே வந்துருச்சு.

மாட்டலீங்க. எப்படி மாட்டறது? ஒரு தடவ எடுத்துட்டுப் போய் வண்டியில வெச்சுப் பாத்தேன், சும்மா, அளவு பாக்கறதுக்கு. கச்சிதமா உக்காந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரே சிவப்பு. நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டிட்டேன். இப்ப வண்டியையே எடுக்கறதில்ல. அதனாலதான் பஸ்ல வர்றது.

இதைத் திருப்பிக் குடுத்துரலாம்னு போறேன், வாங்க மாட்டேங்கறாங்க. வத்சலா கதவைத் தொறப்பா. வாங்கண்ணா, உக்காருங்கண்ணா, காப்பி குடிங்கண்ணா. காப்பியில சக்கரை கூட எனக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சு போடுவா. அவரு தூங்கறாருங்கண்ணாம்பா. உள்ள அவன் இருமறது எனக்குக் கேக்கும். டி.வி. கேக்கும். நான் இந்த விளக்கை டேபிள் மேல வெச்சுட்டு எந்திரிச்சா, அது உங்களதுங்கண்ணான்னு துண்டோட எடுத்து என்ற கையில குடுத்துருவா. வாசல் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போவா. ஒரு நா அந்த ரூம்பு கதவுகிட்ட நின்னுட்டு, ஜெகா, வண்டி வெள்ளைன்னுதாண்டா இருந்துச்சு எனக்குன்னு சொன்னேன். உள்ள டி.வி. சத்தம் எச்சாச்சு.

போன வாரம் வத்சலா சரியாப் பேசல. புண்ணு ஆறலையாம், காய்ச்சல் விட்டு விட்டு வருதாம். மறுபடியும் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போகோணுமோ என்னமோன்னா. சக்கரை இருக்குதுங்க அவனுக்கு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல.

ஆனா ஒண்ணுங்க. அவன் என்னைய முழுசா விட்டுறல. எப்படிச் சொல்றேன்னு கேக்கறீங்களா? நான் தினமும் அவனுக்குப் போன் அடிக்கறேன். தினமும் கட் பண்றான். மொத மணி அடிச்சு, ரெண்டாவது மணி பாதியில கட் பண்ணிருவான். எடுக்காம விடறது வேற, கட் பண்றது வேற, இல்லீங்களா? போனு அவன் கையில இருக்குது. எஸ்.எஸ். எண்பது பச்சைன்னு என்ற கோடு வர்றதைப் பாக்கறான். விரலை வெச்சு அமுத்தறான். அந்த விரலு நல்லா இருக்குது. இன்னிக்கும் ஜெகா இருக்கறான்னு எனக்குத் தெரிஞ்சுரும், போனைப் பையில போட்டுட்டு என்ற வேலையைப் பாப்பேன். அம்சவேணிகிட்டச் சொன்னா பைத்தியம்பா. வத்சலாவுக்குச் சொல்லல. எனக்கும் அவனுக்கும் நடுவுல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்.

இன்னிக்கு இன்னும் அடிக்கல. நீங்களே பாருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். இதைச் சித்தப் புடிங்க. கண்ணாடியில கை படாம, ஓரத்துல, ஆங், அப்படி.

அடிக்குது. பாருங்க, இப்பக் கட் பண்ணுவான்.

இல்ல, இன்னொண்ணு அடிக்கும், பொறகு பண்ணுவான்.

என்னமோ இன்னிக்கு நேரமாகுது. பாத்ரூம் போயிருப்பான், கக்கத்துல கட்டைய வெச்சுட்டு நடக்கறதுக்கு நேரமாகுமில்ல.

அடிச்சு முடிஞ்சே போச்சுங்க. எடுக்கலைன்னு அந்தப் பொம்பள சொல்லுது. இப்படி இருந்ததே இல்ல. இருங்க, இன்னொருக்கா அடிக்கறேன். பஸ்ல டவர் சரியா இல்லாம இருக்கும்.

அடிக்குதுங்க. டவர் இருக்குது. வத்சலா நெம்பரா? அது என்கிட்ட இல்லீங்க. இருவது வருசமாப் போறேன், வாங்கி வைக்கல. எங்கூட்டுல அம்சவேணிகிட்ட இருக்கும், அவ இப்பப் போனை ஊட்டுல வெச்சுட்டுக் கடைவீதிக்குப் போயிருப்பா. அக்கம்பக்கத்துல யாரு நெம்பரும் தெரியாது. இந்தப் போன்ல யாரைன்னு தேடறது?

பெருந்துறைங்களா? ஆமாங்க, நான் எறங்கோணும். கண்டக்டர், சித்த நிறுத்துங்க, எறங்கறேன், எறங்கறேன். இன்னும் அடிச்சுட்டே இருக்குதுங்க. விளக்கைக் குடுங்க. இல்ல, வேண்டாம், அது இருக்கட்டும் உங்ககிட்ட, அதை வெச்சுட்டு ஓட முடியாது.

கட் பண்ணீருடா ஜெகா. நாந்தான், தங்கவேலு. கட் பண்ணீரு, சாமி.